காளப்பநாயக்கன்பட்டி வழி, கொல்லிமலை

நாமக்கல்லில் கிளம்பும் கொல்லிமலை வண்டி நேரே மலைக்குப் போய்விடுவதில்லை. மருந்துக்கடைப் பையோடு நிற்கிறவர்கள், ஆஞ்சநேயர் கோயில் துளசி மாலையோடு ஓடிவருகிறவர்கள், கோழித்தீவன மூட்டைக்கு லக்கேஜ் போடாமல் தப்பப் பார்க்கிறவர்கள் எல்லோரையும் அள்ளிக்கொண்டு, சேந்தமங்கலத்தில் பாதிப் பேரை இறக்கி, காளப்பநாயக்கன்பட்டியில் மீதிப் பேரை மாற்றி, காரவள்ளியில் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, அதற்கப்புறம்தான் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் முதலாவதில் மூக்கை நுழைக்கும்.

வழி நெடுகப் பலகைகள் தமிழில்தான். வங்கிக்கும் பெட்ரோல் பங்குக்கும் மட்டும் இந்தியும் ஆங்கிலமும் கூடுதல். பார்த்துக்கொண்டே வருகிறவருக்கு இது ஒற்றை மொழி நாடு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்க்க வேண்டும்.

எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள், மடியில் ஒரு குழந்தை. “காளப்பநாயக்கன்பட்டி ரெண்டு குடுங்ணா” என்று கண்டக்டரிடம் கேட்டது சுத்தமான கொங்குத் தமிழ். சீட்டை மடித்து வைத்துக்கொண்டதும் தங்களுக்குள் தெலுங்கு. குழந்தை ஜன்னல் கம்பியை நக்கப் போனபோது விழுந்த அதட்டல் தமிழில். சேந்தமங்கலம் வரைக்கும் கவனித்துக்கொண்டு வந்தேன், ஒரு தடவைகூட முறை மாறவில்லை: வெளியாளுக்குத் தமிழ், சமவயதுக்குத் தெலுங்கு, குழந்தைக்குத் தமிழ். இந்த வட்டாரத்து மொழிகள் இனி எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் அந்த மூன்றாவதைக் கவனித்தால் போதும்.

காளப்பநாயக்கன்பட்டி மலையடிவாரத்துப் பேரூராட்சி. கொல்லிமலை இங்கே படிப்படியாக உயர்வதில்லை. நிலக்கடலைக் காடும் மரவள்ளிக் காடும் சமமாகப் போய்க்கொண்டே இருந்து, திடீரென்று முடிந்து, அங்கே மலை செங்குத்தாக நிற்கிறது. இங்கிருந்து ஒரு சாலை காரவள்ளிக்கு, இன்னொன்று பேளுக்குறிச்சி வழியாக ராசிபுரம் பக்கம். மலையிலிருந்து மிளகும் பலாவும் வாழைத்தாரும் இறங்குவதும், உப்பும் துணியும் சிமெண்டும் ஏறுவதும் இதன் வழியாகத்தான். டீக்கடை பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் மலையாள், கீழ்நாட்டு ஆள், கோழிப்பண்ணைக்கு வந்த ஒடியா பையன், பழைய இரும்பு எடுக்க வந்தவர் எல்லோரும் ஒரே வடைத்தட்டைச் சுற்றி வந்து போய்விடுவார்கள்.

ஊர்ப் பெயரே ஒரு நாயக்கரைச் சொல்கிறது. காளப்ப நாயக்கர் யார், எப்போது இருந்தார் என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், அதற்குள் நான் போகவில்லை. சுற்று வட்டாரத்தில் கொண்டமநாயக்கன்பட்டி உண்டு, எருமப்பட்டிப் பக்கம் பொட்டிரெட்டிப்பட்டி உண்டு, ராசிபுரத்துக்கு அந்தப் புறம் வடுகம் என்றே ஓர் ஊர் உண்டு. விஜயநகரத்தின் கை தெற்கே நீண்டபோது, 1529-இல் மதுரையில் விசுவநாத நாயக்கர் ஆட்சிக்கு வந்தார். அவர் காலத்தில் அரியநாத முதலியார் வகுத்ததாகச் சொல்லப்படும் 72 பாளையங்களின் ஏற்பாட்டில் படைக்கு ஆள் தருகிறவர்களுக்கு நிலமும் அதிகாரமும் கிடைத்தன. சேந்தமங்கலமும் ஒரு பாளையம். நாமக்கல் மலைக்கோட்டையைக் கட்டியவர் சேந்தமங்கலத்து ராமச்சந்திர நாயக்கர் என்பது இங்கே எல்லோரும் சொல்வது. படையோடு வந்தவர்கள், படைக்குப் பின்னால் மாடு ஓட்டி வந்தவர்கள், புன்செய்க் காட்டைத் திருத்த வந்தவர்கள், தறியோடு வந்தவர்கள், மண் வெட்ட வந்தவர்கள் என்று தெலுங்கு இங்கே பல தடவை, பல வாசல் வழியாக நுழைந்திருக்கிறது. ஒரே நாளில் வந்த ஒரே கூட்டம் என்று நினைத்துக்கொண்டால் பின்னால் பார்ப்பது எதுவும் புரியாது.

டீக்கடையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பெரியவர் கம்பளத்து நாயக்கர். பேச்சுக் கொடுத்தேன்.

“நாங்க வூட்ல தெலுங்குதானுங்க. ஆனா ஆந்திராக்காரன் பேசறது பாதிதான் வெளங்குது. டிவியில போட்டா பேத்தி தமிழ்ல சொல்லோணும்.”

“பேத்திக்கு மட்டும் எப்படிங்க ஆந்திரத் தெலுங்கு தெரியுது?”

“தெலுங்கு சினிமா பாத்துப் பழகிட்டா. எங்க தெலுங்குதான் அவளுக்கு வராது.”

மாட்டிடம் எதில் பேசுவீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம் என்பதுபோலப் பார்த்தார். “மாட்டுக்குத் தெலுங்குதாங்க. அதுக்குத் தமிழ் வராது.”

இதை அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கம்பளத்தாருக்கு மாடு வெறும் சொத்து இல்லை. சாமிக்கு விட்ட மாடுகள் உண்டு, அவற்றுக்கென்று கோயில் உண்டு, அந்த மாடுகள் ஓடும் விழா உண்டு. ஜக்கம்மாவுக்கு முன் உறுமி அடித்துத் தேவராட்டம் ஆடும்போதும், கல்யாணத்துக்குப் பச்சைத் தழையில் குடிசை போடும்போதும் வாயில் வருவது தெலுங்குதான். அந்த மொழி எதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தால் மாடு, சாமி, சம்பந்தம் என்ற மூன்றில் இருக்கிறது. துறையூரில் பெண் எடுத்தாலும் கரூரில் கொடுத்தாலும் அங்கேயும் இதே பேச்சு என்பதால் தலைமுறைகள் தாண்டி வந்திருக்கிறது. பள்ளிக்கூடம் அதற்கு எதுவும் செய்யவில்லை. நான் பார்த்த வீடுகளில் தெலுங்கு எழுத்து தெரிந்தவர் ஒருவரும் இல்லை. கல்யாணப் பத்திரிகை தமிழில், நிலப் பத்திரம் தமிழில், கணக்கு நோட்டு தமிழில். அவ்வா, நைனா என்ற தெலுங்கு அழைப்புகள் வாயில் மட்டும்.

பள்ளிக்கூடமும் எழுத்தும் கிடைத்த சிறு மொழிகள் வேறோர் இடத்தில் உண்டு. இந்தப் பயணத்துக்கு முன் நான் படித்துக்கொண்டிருந்தது செர்பியாவின் வடக்கில் உள்ள வொய்வொதினா என்ற தன்னாட்சி மாகாணத்தைப் பற்றி. போனதில்லை, புத்தகத்திலும் வரைபடத்திலும் பார்த்ததுதான். தன்யூப், தீசா, சாவா என்ற மூன்று ஆறுகள் பாயும் சமவெளி. தலைநகர் நோவி சாத். 25-க்கும் மேற்பட்ட இனத்தவர் வாழ்கிறார்கள். செர்பியம், ஹங்கேரியம், சுலோவாக்கியம், ருமேனியம், குரோவாசியம், ருசின் என ஆறு மொழிகள் மாகாண ஆட்சிமொழிகள். சுபோதிசா என்ற ஊருக்குப் போனால் ஹங்கேரியம் காதில் விழும். கொவாசித்சாவில் சுலோவாக்கியர்கள், அங்கே உழவர்களாக இருந்தவர்கள் ஓவியர்களாகி உலகப் புகழ் பெற்றார்கள். ருஸ்கி கிர்ஸ்துர் என்று ஒரு கிராமம், ருசின் மக்களுடையது. சில ஆயிரம் பேர் வாழும் அந்த ஊரில் அவர்கள் மொழியில் பள்ளிக்கூடம் இருக்கிறது, நோவி சாத் பல்கலைக்கழகத்தில் அந்த மொழிக்குத் துறை இருக்கிறது, 1945 முதல் வரும் வாரப்பத்திரிகையும் இருக்கிறது.

ஆரம்பம் நம் கதை போலத்தான். துருக்கியர்களுக்கும் ஹாப்ஸ்பர்க் பேரரசுக்கும் நடந்த சண்டைகளில் அந்தச் சமவெளி வெறிச்சோடிப் போயிற்று. 1699-இலும் 1718-இலும் ஆன உடன்படிக்கைகளுக்குப் பிறகு நிலம் வியன்னாவின் கைக்கு வந்தது. உழுவதற்கும் எல்லை காப்பதற்கும் ஆள் வேண்டும். ஜெர்மானியர், ஹங்கேரியர், சுலோவாக்கியர், ருசின் எல்லோரையும் 18-ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகக் குடியேற்றினார்கள். தெற்கிலிருந்து செர்பியர்கள் 1690-இலேயே பெருங்கூட்டமாக வந்திருந்தார்கள். நம்மூர்ப் பாளையப்பட்டுக் குடியேற்றத்துக்கும் இதற்கும் நூற்றைம்பது, இருநூறு வருஷம் வித்தியாசம்.

அதற்கப்புறம் வழி பிரிந்துவிடுகிறது. அங்கே மொழிக்கு ஊர் கொடுத்தார்கள், தேவாலயம் கொடுத்தார்கள், பின்னால் சட்டமும் பலகையும் கொடுத்தார்கள். மொழி கண்ணுக்குத் தெரிவதாயிற்று. கண்ணுக்குத் தெரிந்த மொழிக்கு ஆபத்தும் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அந்தச் சமவெளியின் ஜெர்மானியர்கள் லட்சக்கணக்கில் ஓடினார்கள் அல்லது துரத்தப்பட்டார்கள், முகாம்களில் மாண்டார்கள். அவர்கள் கட்டிய ஊர்களில் இன்று வேறு மொழி கேட்கிறது. சேந்தமங்கலத்துத் தெலுங்குக்காரரை யாரும் துரத்தவில்லை. 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோதும் இந்தப் பக்கம் ஒரு கல் பெயரவில்லை. அவர் தெலுங்கர் என்று எந்தப் பலகையும் சொல்லாததும் அதற்கு ஒரு காரணம் என்பது என் ஊகம்.

அதற்காக நம் முறை உசத்தி என்று மார்தட்டிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யச் சொல்கிறது. ஓசூர்ப் பக்கம் தெலுங்கு, கன்னடப் பள்ளிகள் உண்டு, ஏனென்றால் அங்கே எல்லை பக்கத்தில் இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் வந்தபோது சத்தம் எழுந்ததும் அந்த மாதிரி இடங்களில்தான். காளப்பநாயக்கன்பட்டியில் யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. “தெலுங்கு படிச்சு என்னங்க பண்றது?” என்பார்கள். அதற்கு நம்மிடம் பதில் இல்லை.

இன்னொரு விஷயம் புத்தகங்களில் இனிமையாகப் பூசி மறைக்கப்படுவது. இந்த வட்டாரத்தில் தெலுங்கு பேசும் பெரிய கூட்டம் நாயக்கர்கள் மட்டும் இல்லை, அருந்ததியரும் உண்டு. ஊருக்கு வெளியே, பெரும்பாலும் ரோட்டுக்கு அந்தப் பக்கம், அவர்கள் தெரு. அங்கேயும் வீட்டுக்குள் தெலுங்குதான். இரண்டு தெலுங்கும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதில்லை. நாயக்கர் வீட்டுக்காரர் அருந்ததியரிடம் பேசுவது தமிழில். வீட்டு மொழி ஒன்றாக இருந்தால் நெருக்கம் வந்துவிடும் என்ற பயமோ என்னவோ, நடுவில் ஒரு மூன்றாம் மொழியை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மின்மோட்டார் வருவதற்கு முன் கொங்கு நாட்டின் கிணறுகள் கவலை ஏற்றத்தில் ஓடின. தோல் பறியும் வாரும் செய்து, கிழிந்தால் தைத்துத் தந்தவர்கள் அருந்ததியர். மோட்டார் வந்தது, பறி போயிற்று. பறியோடு அந்த வேலைக்கான சொற்களும் போயின. பிள்ளைகள் திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் போனார்கள். 2009-இல் வந்த மூன்று சதவீத உள் ஒதுக்கீட்டில் படித்து, வேலைக்குப் போன இளைஞர் ஒருவர் சொன்னார்: “ஆபீஸ்ல நான் தெலுங்குன்னு சொல்றதில்லைங்க. சொன்னா எந்தத் தெலுங்குன்னு அடுத்த கேள்வி வரும்.” நாயக்கர் வீட்டுப் பேத்தி தெலுங்கை விடுவது அலுப்பினால். இவர் விடுவது அந்த அடுத்த கேள்விக்குப் பயந்து. மக்கள்தொகைக் கணக்கில் இரண்டும் ஒரே எண்ணாகக் குறையும்.

ராசிபுரம் போகும் வழியில் பேளுக்குறிச்சி. மளிகைச் சாமானுக்குப் பேர்போன சந்தை இது. வருஷத்துக்கு வேண்டிய மிளகு, சீரகம், கடுகு, மல்லியை மொத்தமாக வாங்கிப் போக வெளியூரிலிருந்தும் வருகிறார்கள். சந்தைக்கென்று ஒரு தனிமொழி உண்டு, அது எந்தச் சாதிக்கும் சொந்தமில்லை: விரல்களும் தலையாட்டலும் விலையும். ராசிபுரத்தில் நெய் பிரசித்தம், பட்டு பிரசித்தம். தேவாங்கர் தறிகள் உள்ள தெருக்களில் கன்னடமும் தெலுங்கும் கேட்கலாம். சௌடேசுவரி அம்மனை வாளால் மார்பில் அடித்துக்கொண்டு அழைத்துவரும்போது எழும் கூவல் தெலுங்கு. வீட்டில் கன்னடம் பேசுகிற தேவாங்கரும் அம்மனிடம் தெலுங்கில்தான் கெஞ்சுவார். 17-ஆம் நூற்றாண்டில் சிக்கதேவராய உடையார் காலத்தில் மைசூர் இந்தப் பக்கம் இறங்கியது, பிறகு ஹைதர் அலி, திப்பு. 1792-இல் கிழக்கிந்தியக் கும்பினியிடம் கைமாறும் வரை இங்கே அதிகாரத்தின் மேல்தட்டில் கன்னடமும் பாரசீகமும் இருந்தன. நாமக்கல், ராசிபுரத்துத் தெருக்களில் கேட்கும் உருதுவும் ஏறத்தாழ அந்தப் பாதையில் வந்தது.

ராசிபுரம் உலகத்துக்குத் தெரிந்திருப்பது ஓர் எழுத்தால். ஆர்.கே. நாராயணின் ‘ஆர்’ ராசிபுரம்தான். சென்னையில் பிறந்து, மைசூரில் வாழ்ந்து, ஆங்கிலத்தில் எழுதிய தமிழர், எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று அதிகம் சொல்லாமல் தன் கதைகளில் ஓர் ஊரைக் கட்டினார். இந்த வட்டாரத்து ஆளுக்கு அது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனால் நாமக்கல் மாவட்டத்தின் பெரிய மொழிப் பள்ளிக்கூடம் லாரிதான். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள், கேஸ் டேங்கர்கள், டிரெய்லர்கள், திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள். இந்தியாவின் எந்த மூலையில் ஆழ்துளைக் கிணறு போட்டாலும் அந்த வண்டி எந்த ஊர் என்று கேளுங்கள், திருச்செங்கோட்டுப் பக்கமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இந்த வண்டிகளில் போனவர்கள் இந்தி கற்றது எந்த இந்தி சபாவிலும் இல்லை. செக்போஸ்ட்டில் கற்றார்கள், தாபாவில் கற்றார்கள், டயர் வெடித்த இடத்தில் கற்றார்கள். மராத்தியும் கன்னடமும் குஜராத்தியும் ஒரு கைப்பிடி. எழுதப் படிக்கத் தெரியாது, பேரம் பேசத் தெரியும். நாயக்கர் வீட்டுத் தெலுங்கும் லாரிக்காரர் இந்தியும் இந்த ஒரு விதத்தில் உறவுக்காரர்கள், இரண்டுக்கும் எழுத்து இல்லை. தறியும் மாடும் பறியும் டேங்கரும்தான் இந்த மண்ணில் ஒரு மொழியை வைத்துக்கொள்வதும் கைவிடுவதும். அரசாணைகள் பின்னால் மெதுவாக வந்து சேர்கின்றன, சில சமயம் வருவதே இல்லை.

இதே மாவட்டத்தில்தான் குமாரமங்கலமும் இருக்கிறது. அந்த ஜமீனின் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல்வர். 1955-இல் மத்திய அரசு அமைத்த ஆட்சிமொழி ஆணையத்தில் அவரும் உறுப்பினர். இந்தியை அவசரப்பட்டுக் கொண்டுவருவதை எதிர்த்து வங்காளத்துச் சுனிதி குமார் சாட்டர்ஜி ஒரு மறுப்புக் குறிப்பும் இவர் ஒரு மறுப்புக் குறிப்பும் எழுதினார்கள். குமாரமங்கலத்துக்காரர் தில்லியில் உட்கார்ந்து இந்திக்கு மறுப்பு எழுதியதற்கும், அவர் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர் ரிக் வண்டியில் ராய்ப்பூர் போய் இந்தி பேசிச் சம்பாதித்ததற்கும் முரண்பாடு இருப்பதாக நான் நினைக்கவில்லை. திணிப்பது வேறு, தேவைக்கு எடுத்துக்கொள்வது வேறு. கொங்கு நாட்டான் இரண்டாவதற்கு என்றைக்கும் தயார், வட்டி போட்டுத் திருப்பியும் தருவான். இன்று ரிக் வண்டிகளில் வேலை செய்கிறவர்கள் பிகாரிலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் வருகிறார்கள். அந்தப் பையன்கள் இப்போது “அண்ணா, சாப்டாச்சா” என்கிறார்கள்.

மறுபடி காளப்பநாயக்கன்பட்டி வந்து, மலை வண்டி பிடித்தேன்.

காரவள்ளியைத் தாண்டினால் பேச்சு குறைகிறது. கொண்டை ஊசிகள் அப்படி. டிரைவர் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒலிப்பானை அமுக்குகிறார், பின் இருக்கையில் யாராவது எலுமிச்சம்பழத்தை மோந்துகொள்கிறார்கள். எதிரே கீழே இறங்கும் வண்டி வந்தால் இரண்டு டிரைவர்களும் ஜன்னல் வழியாக ஒரு நிமிஷம் ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் விலகுகிறார்கள். வலப்பக்கம் சமவெளி கீழே கீழே போகிறது. சேந்தமங்கலத்து ஏரிகள் கண்ணாடித்துண்டுகளாகத் தெரிகின்றன.

மேலே வந்ததும் ஆச்சரியம் தலைகீழாகிறது. கீழே பலகை ஒன்று, மொழி பல. மேலே மக்கள் தனி, மொழி தமிழ். கொல்லிமலையின் பழங்குடியினர் மலையாளிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆளுகிறவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மூவர் ஆளுக்கொரு மலைக்குப் போனார்கள், அந்த வழியில் வந்தவர்கள் தாங்கள் என்பது இவர்கள் சொல்லிவரும் கதை. 1909-இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளிலும் இது பதிவாகியிருக்கிறது. காஞ்சியிலிருந்து வந்தார்களோ இல்லையோ, தாங்கள் தமிழ் உழவர்கள் என்பதை அந்தக் கதை பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது.

மலை முழுக்க நாடுகள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு, தேவானூர் நாடு என்று மொத்தம் 14 ஊராட்சிகள். கீழே வருவாய் கிராமம், பிர்க்கா, தாலுகா என்று மூன்று அரசுகளின் சொற்கள் அடுக்கி நிற்கும்போது, மேலே ஊராட்சி மன்றத்துப் பலகையே ‘நாடு’ என்று எழுதிவைத்திருக்கிறது. பட்டக்காரர், ஊர்க்கவுண்டர் என்ற பதவிகள் வழக்கைத் தீர்க்கவும் திருவிழா நடத்தவும் இன்னும் வேண்டியிருக்கின்றன. செம்மேட்டில் வல்வில் ஓரி குதிரை மேல் சிலையாக நிற்கிறார். ஆடிப் பெருக்கையொட்டி அவருக்கு அரசு விழா. அந்தச் சங்ககால வள்ளலைக் கொன்றவன் மலையமான் திருமுடிக்காரி, மலை சேரனுக்குப் போயிற்று என்பதை விழா மேடையில் யாரும் அதிகம் அழுத்துவதில்லை.

இங்கே நான் தேடியது சாமையை. வாழவந்தி நாட்டில் ஒரு வீட்டுத் திண்ணையில் பாட்டி ஒருவர் முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தார். “கட்டவெட்டிச் சாமைங்க” என்றார். மல்லியசாமை, திரிகுலசாமை, பெருஞ்சாமை. தினையில் செந்தினை, பெருந்தினை, கொரந்தினை, மூசக்கதினை. ஒவ்வொன்றுக்கும் எந்தச் சரிவில் விதைக்க வேண்டும், எத்தனை மாதம், எந்த மழை வேண்டும், களிக்கு நல்லதா சோற்றுக்கு நல்லதா என்று பாட்டியிடம் கணக்கு இருந்தது. கீழிருந்து ஜவ்வரிசி ஆலைகளின் பசி மேலேறி வந்தபோது சரிவுகள் மரவள்ளிக்கு மாறின. மரவள்ளிக்கு அவ்வளவு பெயர் தேவையில்லை, எடை போட்டால் போதும். 1990-களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்தச் சிறுதானியங்களைச் சேகரித்து, விதை வங்கி வைத்து, அரைவை இயந்திரம் கொடுத்துத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறது. அவர்கள் காப்பாற்றியது விதையை, கூடவே ஓர் அகராதியின் நடுப்பக்கங்களையும். மலைத்தமிழ் கீழ்த்தமிழிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று இலக்கணத்தில் தேடுகிறவர் சீக்கிரம் களைத்துவிடுவார். களத்துமேட்டில் நின்று கேட்பவருக்குக் கிடைக்கும்.

வாழவந்தியில் ஆங்கிலமும் ஒரு காலத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தது. ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற பாப்டிஸ்ட் ஊழியர்கள் முதல் உலகப் போருக்குச் சற்று முன்னே, சாலையில்லாத காலத்தில், இந்த மலைக்கு வந்தார்கள். மருத்துவம், பள்ளி, தோட்டம், தச்சு எல்லாம் செய்தார்கள். 1929-இல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இங்கேயே இறந்தார். எவலின் முதுமையில் மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலைகளை விட்டு இறங்கவில்லை, குதிரை மேல் ஊர் ஊராகச் சுற்றினார், 1974-இல் இறந்தார். அவர்கள் மகன்தான் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட். இந்த மலைப் பிள்ளைகளோடு தமிழ் பேசி வளர்ந்த வெள்ளைக்காரப் பையன். அந்தக் குடும்பம் இங்கே ஆங்கிலம் பேசும் ஊரை உண்டாக்கவில்லை, தமிழ் கற்றுக்கொண்டது.

அரசுக்கு மட்டும் இந்த மக்களை அடையாளம் கண்டுகொள்வதில் ஒரு கோணல் உண்டு. சேலம், தருமபுரி, திருச்சி போன்ற பழைய மாவட்டங்களின் மலையாளிகள் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கானது, மாநிலத்தில் அப்படி இருப்பது இதுவும் ஏற்காடும்தான். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையாளிகளோ அந்தப் பட்டியலில் இல்லை. அதே கதை, அதே சாமி, அதே பேச்சு. மாவட்ட எல்லையைத் தாண்டினால் பழங்குடி இல்லையாம். வொய்வொதினாவில் மொழியைப் பார்த்துப் பட்டியல் போடுகிறார்கள், இங்கே மாவட்டத்தைப் பார்த்து.

செம்மேட்டிலிருந்து இறங்கும் பஸ்ஸைத் தவறவிட்டேன். வாழைத்தார் ஏற்றிய குட்டியானை ஒன்று காளப்பநாயக்கன்பட்டிக்குப் போனது, டிரைவர் முன் இருக்கையில் இடம் கொடுத்தார். முப்பது வருஷம் கேஸ் டேங்கர் ஓட்டியவர், மங்களூர், விசாகப்பட்டினம், அங்கிருந்து ஒரிசா. முட்டி வலி வந்ததும் மலையோடு நிறுத்திக்கொண்டாராம். வீட்டில் தெலுங்கு, வீட்டுக்காரம்மா துறையூர். கன்னடமும் இந்தியும் ஓடும். மலையாளிகளிடம் பேசிப் பேசி மலைப்பேச்சும் ஒட்டிக்கொண்டது என்றார்.

பாதி மலை இறங்கும்வரை நான்தான் பேசினேன். செர்பியாவில் இப்படி ஓர் இடம் இருக்கிறது, ஆறு மொழி, ஆறுக்கும் பள்ளிக்கூடம், சட்டசபையில் எதில் வேண்டுமானாலும் பேசலாம் என்று. வளைவுகளை எண்ணிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“மலையாங்க அது?”

“இல்லைங்க. நம்ம கீழ்நாட்டை விடச் சமம். சுத்தி ஆறு.”

“அப்ப வெள்ளாமை?”

“கோதுமை, சூரியகாந்தி, மக்காச்சோளம். மக்காச்சோளம் ஏற்றுமதியே பண்றாங்க.”

முதல் தடவையாகச் சாலையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். நாமக்கல்லில் கோடிக்கணக்கான கோழிகள் தின்பது மக்காச்சோளம். விலை ஏறினால் முட்டை விலை ஏறும், இறங்கினால் பண்ணைக்காரர் சிரிப்பார்.

“கப்பல்ல தூத்துக்குடி வந்து சேர்ற மாதிரிப் போட்டா டன் என்ன விழும்ங்க?” என்றார். “அதக் கேட்டீங்களா?”